அண்ணன் போட்டு வந்த நூல்

"டூட்டி கட்டணும்மா" என்று வாசலில் நின்று தபால்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது.

பினாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்த என் அண்ணன் விமானத் தபாலில் அனுப்பிய பார்சல் அது. உள்ளே என்ன, தங்கமா, கைக்கடிகாரமா? நூல்! குரோஷா ஊசியால் பூப் பின்னுவதற்கு நாலைந்து நூல்கண்டு, அவ்வளவுதான். நூலின் விலை சொற்பம். அதை அனுப்ப அண்ணன் அங்கே ஒட்டிய தபால்தலை நூல் விலையைத் தாண்டிவிட்டது. இங்கே நான் கட்ட வேண்டிய தீர்வை அதையும் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அது காரைக்குடியில் என் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வேணாம்னா எழுதிக் குடுத்துருங்க, திருப்பி அனுப்பிரலாம்" என்றார் தபால்காரர்.

"நல்லா இருக்கே! கடல் தாண்டி வந்த புள்ளைய வாசப்படியில நிறுத்தித் திருப்பி அனுப்புவாகளா யாராவது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். பெருநாள் சேலைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். மனசில்லாமல்தான் கொடுத்தேன். ஆனால் பார்சல் கைக்கு வந்ததும் சேலை மறந்துபோனது.

அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் வாசலில் சைக்கிள் மணி அடித்தால் அவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் கட்டைப் பிரித்தேன். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் கேட்டிருந்தது வெங்காயக் கலர். வந்திருந்தது காய்ந்த சோளத்தட்டை மாதிரி ஒரு பழுப்பு.

"யா அல்லாஹ், இது என்ன கண்றாவி?" என்றேன். "எங்க அண்ணனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

மதினி ஒரு கண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ புள்ள, ஒங்க அண்ணன் அங்க கடையில உரிக்கிறது பெல்லாரியாச்சே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம். பெரியதற்குப் பெல்லாரி என்று தனிப் பெயர் உண்டு. கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் எந்தச் சேலைக்கடையில் போய் வெங்காயக் கலர் என்று கேட்டாலும், சின்ன வெங்காயத்தின் மேல்தோலில் ஓடுகிற அந்த ரோஸை, நீலம் கொஞ்சம் தொட்டுக்கொண்ட ரோஸை, எடுத்துப் போடுவார்கள். அண்ணனோ பினாங்கில் நாள் தவறாமல் மூட்டை மூட்டையாய்ப் பெல்லாரி உரித்து, அவருக்கு வெங்காயம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. பாவம், உரித்த தோலை மடியில் வைத்துக்கொண்டு கடை கடையாய் ஏறி, அந்த நிறத்துக்கு அச்சாய்ப் பொருந்துகிற நூலைத் தேடி வாங்கியிருக்கிறார். அக்கறையாய்ச் செய்த வேலை. அதனால்தான் இன்னும் அழுகை வந்தது.

சாயங்காலம் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கலர் தப்பா வந்ததுக்கும் டூட்டி உண்டாமா?" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் போட்டேன்.

இந்த நூல் எதற்கு என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் குரோஷா கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு கைக்குட்டை ஓரத்தோடு விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் அது பித்தாய்ப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை கானாடுகாத்தானில் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பொண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைக் கூடம் நிறையப் பரப்பியிருந்தார்கள். எல்லாரும் வெள்ளிச் சொம்பையும் எனாமல் தூக்கையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு கட்டில் விரிப்பின் முன்னாலேயே நின்றுவிட்டேன். கட்டம் கட்டமாய் வெள்ளைப் பின்னல், ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் ஒரு ரோஜா. சீமையிலிருந்து வந்தது என்றார்கள். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முடிச்சுகள் அவ்வளவு சுத்தமில்லை. இதைவிட நன்றாக நான் பின்னுவேன் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன்.

பின்னவும் ஆரம்பித்தேன். வெள்ளை நூல் இங்கேயே கிடைத்தது. ரோஜாவுக்குத்தான் வெளிநாட்டு நூல். அண்ணன் ஊருக்கு வந்தபோது பெட்டியில் கொஞ்சம் கொண்டுவந்தார். கஸ்டம்ஸில் அதைப் பார்த்துவிட்டு, "வியாபாரத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல சார், என் தங்கச்சி பூப் பின்னும்" என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. தீர்வை போட்டுத் தீட்டிவிட்டார்கள். ஆனால் அந்த நூல் என்ன நூல்! தொட்டால் வழுக்கும், துவைத்தால் இன்னும் மினுங்கும். ஒவ்வொரு ரோஜாவும் முடிகிறபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்துக்கு விலையே கிடையாது. பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில் ஊசியும் நூலுமாய் உட்கார்ந்தால், உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றும்.

பாதி விரிப்பில் நூல் தீர்ந்துபோனது.

சபர் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போய் வருகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். மலேயா, சிங்கப்பூர் என்று யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார். அவர்களிடம் கொடுத்து அனுப்பினால் கூலி இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சரியென்று, ஒருவரிடம் இரண்டு கண்டு கொடுத்துவிடச் சொல்லி அண்ணனுக்கு எழுதினேன். வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவருடைய மனைவி நூலைக் கையில் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, "எங்க வீட்டு ரேடியோவுக்கு ஒரு உறை பின்னிக் குடேன், பூப் போட்டு" என்றாள். சுமந்து வந்த வீட்டுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பின்னிக் கொடுத்தேன். ரேடியோ பெரிய ரேடியோ. இரண்டு கண்டும் அதற்கே சரியாய்ப் போயிற்று. இனாமாய் வந்த நூல் இனாமாகவே போன கதை இது.

இதற்கு நடுவில்தான் என் தங்கைக்குத் திருப்பத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். எங்கள் அம்மா, அத்தா இருவரும் அப்போது இல்லை. தங்கை என் வீட்டில்தான் வளர்ந்தாள். அவள் கல்யாணக் கட்டிலுக்கு அந்த விரிப்பு என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மனதோடு விட்டிருக்கலாம். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் பெருமையாய் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா ஒவ்வொரு ரோஜாவாய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கை வேலையா? ரொம்ப நல்லா இருக்கேம்மா. எங்குட்டு மீதி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். "மீதியா? அது உலகம் அழியிற கியாமத்து நாளைக்குத்தான் முடியும். இப்போதைக்கு இருக்கிறது கட்டில்ல பாதிக்குத்தான் காணும். மாப்பிள்ள மட்டும் படுத்துக்கட்டும், பொண்ணு பாய போட்டுக்குருவா."

கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அடுப்படிக்குப் போனால், தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, வெறும் ஜமுக்காளம் போதும்க்கா. இந்தப் பேச்ச அவுக வீட்டுல ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உன் கட்டில்ல முழு விரிப்பு கிடக்கும். இல்லாட்டி நான் உன் நிக்காஹ்வுக்கு வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா இல்லாத பிள்ளையிடம் சொல்லத் தகுந்த வார்த்தையா அது? சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு அந்த விரிப்பு என் பொழுதுபோக்காக இல்லாமல் என் மானமாகிவிட்டது.

கல்லுக்கட்டியில் கிடைத்த ரோஸ் நூலில் ஒரு கட்டம் பின்னி நனைத்துப் பார்த்தேன். சாயம் இறங்கி, வெள்ளையெல்லாம் பீட்ரூட் கூட்டு மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான், போனால் போகிறது என்று விமானத் தபாலில் அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எழுதினேன். பெல்லாரி வந்து சேர்ந்தது.

ஊரில் கேட்ட கேள்விகளைச் சொல்லி மாளாது. "நூலுக்கா இம்புட்டுச் செலவு?" என்று கேட்காத ஆள் இல்லை. அதே ஆட்கள் செண்ட் பாட்டிலுக்கும் டிரான்சிஸ்டருக்கும் செலவழித்தபோது யாரும் கேட்கவில்லை. ஆண்பிள்ளை சீட்டாட்டத்தில் விட்டால் விளையாட்டு. பெண்பிள்ளை நூல் வாங்கினால் ஊதாரித்தனம். பசிக்கு வாங்குகிற பொருளுக்குக் கூலி ஏறினால் ஊரே சேர்ந்து வருத்தப்படும். ஆசைக்கு வாங்குகிற பொருளுக்குக் கூலி ஏறினால், ஆசையைக் குறைத்துக்கொள் என்று புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் புத்தி வேண்டாம், நூல் வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம், சாயம் இறங்கிய அந்தக் கட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குரோஷாவில் ஒரு வசதி உண்டு. கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் நூலாகவே திரும்பி வந்துவிடும். கெட்ட கோபத்தில் இருந்தேன், இழுத்த வேகத்தில் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மதினி சும்மா இருப்பாரா?

"பின்னுறதவிட பிரிக்கிறதுலதான் புள்ள நீ கெட்டிக்காரி!"

சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறக்கும்போதே ஒரு யோசனை வந்தது. பிரிக்கிறதில் கெட்டிக்காரி. சரி, பிரிக்கிறதற்கு ஏதாவது வந்தால்?

சபர் போய் வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பெட்டியில் இருக்கிற சாமானுக்குத்தான் கேள்வி, உடம்பில் இருக்கிற துணிக்குக் கேள்வி கிடையாது. மூன்று கைலியை ஒன்றின் மேல் ஒன்றாய்க் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் எப்படியும் கப்பலில் வரத்தான் போகிறார். நூல் நூலாக வந்தால்தானே வம்பு? ஸ்வெட்டராக வரட்டுமே!

"மதினி, நீங்க நல்லா இருப்பீக" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னவோ ஏதோ என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கே அண்ணனுக்கு எழுதினேன். இந்தத் தடவை வெங்காயக் கலர் என்கிற பேச்சே கிடையாது. சின்ன வெங்காயத்தின் சருகை உரித்து, கடுதாசியிலேயே சோற்றால் ஒட்டி, "இந்த நிறத்தில் பருத்தி நூல் வாங்கவும்" என்று எழுதினேன். அதை ஸ்வெட்டராகப் பின்ன யாரையாவது பிடிக்க வேண்டும், கழுத்தில் ஆரம்பித்துக் கீழே முடிக்க வேண்டும், நடுவில் எங்கேயும் நூலை வெட்டக் கூடாது, எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகப் பின்ன வேண்டும், அதைப் போட்டுக்கொண்டே கப்பலைவிட்டு இறங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பதில் இரண்டே வரியில் வந்தது. "தங்கச்சி, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கடையில் எல்லாரும் கேட்கிறார்கள். நூல் வாங்கிவிட்டேன்."

பின்னியது யார் என்று அண்ணன் வந்த பிறகு சொன்னார். அவர் கடைக்குப் பக்கத்தில் துணி வியாபாரம் பண்ணிய ஒரு சீனத்து அம்மாள். சும்மா இருக்கிற நேரமெல்லாம் பின்னிக்கொண்டே இருக்கிற ஆளாம். பின்னி முடிந்தவுடன் பிரித்துவிடுவார்கள் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்! ஊசிகளைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டாளாம். அண்ணன் தனக்குத் தெரிந்த மலாயில் ரோஜா, விரிப்பு, தங்கை, டூட்டி எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கியிருக்கிறார். டூட்டி என்கிற வார்த்தை மட்டும் அவளுக்கு உடனே புரிந்ததாம். அவளும் எங்கிருந்தோ பட்டுநூல் வரவழைத்து டூட்டி கட்டி நொந்தவள்தானாம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ஊசிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாளாம். கூலியாகக் காசு வாங்கவில்லை. மீன்தலைக் கறி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். முகம் பார்த்திராத அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கடலுக்கு அந்தப் பக்கமும் என்னைப் போல ஒருத்தி இருந்தாள்.

கப்பல் நாகப்பட்டினத்தில் ஆழக்கடலில் நிற்கும். படகில்தான் கரைக்கு வர வேண்டும். சித்திரை வெயில். படகில் இருந்த அத்தனை பேரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு வர, என் அண்ணன் மட்டும் முழங்கால் வரை தொங்குகிற ரோஸ் ஸ்வெட்டரில், நாலாய் மடித்துவிட்ட கைகளோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒட்டாமல் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். கஸ்டம்ஸ் அதிகாரி மேலும் கீழும் பார்த்தாராம்.

"என்னய்யா, இந்த வெயில்ல?"

"குளிர்காச்சல் சார்."

"அதுக்குப் பொம்பளைக் கலர்லயா?"

"என் தங்கச்சிக்குப் புடிச்ச கலர் சார்."

அதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? காய்ச்சல் ஒன்றுதான் கொஞ்சம் கூடுதல். அதுவும் அந்த வெயிலுக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கைலி, சட்டை, கல்யாணப் பொண்ணுக்கு ஒரு சேலை, வேறே ஒன்றுமில்லை. அதிகாரி சாக்கட்டியால் பெட்டி மேல் ஒரு கோடு போட்டு, "போய் ஒடம்பப் பாத்துக்கய்யா" என்று அனுப்பிவிட்டார்.

திருவாரூரில் ரயில் மாறி அவர் காரைக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அச்சு அசல் வெங்காயக் கலர்! சின்ன வெங்காயம்! நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. வழியில் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ரயிலிலும் அதைக் கழற்றவில்லையாம். வியர்வை ஆறாய் ஓடியது.

"அண்ணே, வந்துட்டீகளா!"

"வந்துட்டேன் ஆத்தா. மொதல்ல இதக் கழட்டு."

மதினிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊட்டிக்குப் போற வண்டியில ஏற வேண்டியவுக மாறி ஏறிட்டீகளோ?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றப் பார்த்தால் முடியவில்லை. சீனத்து அம்மாள் கழுத்தை இறுக்கமாய்ப் பின்னியிருந்தாள். வியர்வையில் ஊறி அது இன்னும் இறுகிக்கொண்டது. தலைக்கு மேலே இழுத்தால் காது மாட்டுகிறது. "கத்தரியக் கொண்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கத்தரி பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். அண்ணனோ பசி, பசி என்று கத்துகிறார். அப்புறம் என்ன? கூடத்தில் முக்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்து, ஸ்வெட்டரின் கை இரண்டையும் முதலில் பிரித்துவிட்டு, சோற்றுத்தட்டைக் கொடுத்து, கீழ் ஓரத்தில் கடைசி முடிச்சைத் தேடிப் பிடித்து இழுத்தேன்.

சர்ர்ரென்று வந்தது பாருங்கள்! வட்டம் வட்டமாய் நூல் அவர் உடம்பைச் சுற்றிக் கழன்று வந்தது. ஒரு சுற்றுக்கு நான் அவரைச் சுற்றினேன், எனக்குத் தலை சுற்றியது. அடுத்த சுற்றுக்கு அவரைச் சுற்றச் சொன்னேன், குழம்பு சிந்தியது. "ரங்கராட்டினத்துலயா உக்கார வச்சிருக்கீக என்னய?" என்று வாயில் சோற்றோடு கத்தினார். தங்கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொண்ணு பார்க்க வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிரித்துச் சுற்றிய நூலுருண்டை கைநழுவி ஓடி முற்றத்துத் தண்ணீரில் விழப் போனது. "பிடி, பிடி" என்று நான் அலறுவதற்கு முன்னால் அதைப் பாய்ந்து பிடித்தது மதினிதான்! பிடித்தவர் விடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் பிரிக்கப் பிரிக்கத் தன் முழங்கையில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். "மெதுவா இழு புள்ள, அத்துரப் போகுது" என்று என்னையே அதட்டினார். கழுத்துப் பட்டி கடைசியாய்க் கழன்றபோது அண்ணன் வெறும் பனியனோடு எழுந்து நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பிரித்த நூல் சுருட்டை முடி மாதிரி சுருண்டு கிடந்தது. அதை அலசினோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது, ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. மதினியே பிழிந்து கொடுத்தார். கொடியில் போட்டு, கீழே அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்தபோது நூல் கம்பி மாதிரி நேராகிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த நாட்களில் என் வீட்டு அடுப்பை நான் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் மதினி சமைத்தார். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். ஊசி பிடித்த விரலில் காய்ப்பு ஏறி, ரத்தம் கட்டி, அதன் மேல் துணி சுற்றிக்கொண்டு பின்னினேன். நடுவில் ஒரு நாள் அவர் பழைய பார்சலிலிருந்த பழுப்பு நூலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இந்தப் பெல்லாரிய ஓரத்துக்குப் போடு. ரோசாக்கு எடுப்பா இருக்கும்."

போட்டுப் பார்த்தேன். அதற்காகவே வாங்கியது போல் இருந்தது. மதினியிடம் அதைச் சொன்னேன். "பின்ன, எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றுவிட்டு வேகமாய்ப் போய்விட்டார்.

நிக்காஹ் அன்றைக்குக் காலையில் அந்த விரிப்பைக் கட்டிலில் விரித்தோம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தொங்கலோடு சேர்த்து முழு விரிப்பு! வெள்ளைக்கு நடுவே ரோஜா ரோஜாவாய்ப் பூத்துக் கிடந்தது. எது பழைய ரோஜா, எது ஸ்வெட்டரில் வந்த ரோஜா என்று பின்னிய எனக்கே தெரியவில்லை. தங்கை வந்து பார்த்தாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல்யாணச் சேலை கசங்குகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். கசங்கட்டும் என்றேன்.

பார்க்க வந்த பெண்களுக்குக் கணக்கில்லை. மதினி கட்டில் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டு, "மாஷா அல்லாஹ்னு சொல்லிட்டுப் பாருங்க, கை வைக்காம பாருங்க" என்று ஒவ்வொருவரையும் விரட்டினார். திருப்பத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "சீமைச் சாமானா? எங்க வாங்குனீக?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"வாங்குனதா? எங்க வீட்டுப் புள்ள கையால பின்னுனது. இந்தக் கைய எந்தச் சீமையில போய் வாங்குவீக?"

என் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. யாரிடம் மறைக்க வேண்டும்?

எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். என்ன குறை கண்டாரோ என்று விரிப்பை ஒரு தடவை கண்ணால் அளந்தேன். அந்த அம்மா அதன் ஓரத்தைத் தூக்கி, பின்பக்கத்து முடிச்சுகளை நிதானமாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஒங்க அண்ணன் வந்த கதையக் கேட்டேன். எங்க மூத்தவன் சிங்கப்பூர்ல இருக்கான், பெருநாளைக்கு வாரான். எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்மா, மஞ்சக் கலர்ல. அவன் ஆளு நல்ல குண்டு. ரெட்டைக் கட்டிலுக்கே நூல் காணும்ல?"